ஒன்பதில் ஒரு பங்கு

அக்கா பேசினால் ஏசி சத்தத்தைத் தாண்டிக் கேட்காது. அவரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ரகசியம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சொல்வது என்னவோ கழுத்துப் பட்டை அகலத்தைப் பற்றியாக இருக்கும்.

திருப்பூர் வீரபாண்டியில், ஆர்டர் கொடுப்பவர்களோடு பேசும் மெர்ச்சண்டைசராக நான் இருந்த பனியன் கம்பெனியில் அவர் கம்ப்யூட்டரில் பாட்டர்ன் போடுகிறவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரே ஒரு சைஸில் சட்டை அனுப்புவார். அதைப் பார்த்து மற்ற ஐந்து சைஸுக்கும் அளவு வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் சாப்ட்வேரே பெரிதாக்கிச் சிறிதாக்கித் தந்துவிடும். மற்ற கம்பெனிகளில் அப்படித்தான் செய்தார்கள். அக்காவும் பட்டனை அழுத்துவார். பிறகு வந்ததை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தித் திருத்துவார்.

"பட்டனை அமுக்கினா எல்லாம் ஒண்ணுபோலப் பெரிசாகும் பிள்ள. மனுசன் ஒண்ணுபோலயா பெரிசாகுதான்? வயிறு வளரும், கழுத்து அவ்வளவா வளராது."

அக்காவுக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம். திருப்பூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீரபாண்டியிலேயே ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலை ஓட ஓடக் கால் பெருவிரலால் எதற்கோ தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கைப்பையில் எப்போதும் காகிதத்தில் சுற்றிய கருப்பட்டித் துண்டு இருக்கும். நான் போய்க் குனிந்தால் முதலில் அதில் ஒரு சில்லு என் கைக்கு வரும், அப்புறம்தான் பேச்சு.

இப்படிச் சொல்வதால் அவரைப் பூ மாதிரி நினைத்துவிட வேண்டாம். அளவு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போவது கஷ்டம். ஒருமுறை கட்டிங் மாஸ்டர், "அரை சென்டிமீட்டர் தானுங்களே, துணி இழுத்துக்குமுங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்ம மூக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி இருந்தா விட்டுருவீராவே?" வெட்டத் தயாராக அடுக்கியிருந்த துணி முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்கவேண்டியதாகிவிட்டது. சரக்கு இரண்டு நாள் தள்ளிப்போனது. பையருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது நான். அக்கா அதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

செக்கிங் பிரிவில் சுனிதா என்று ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் விழுந்து எலும்பு முறிந்து சரியாகக் கூடாததால் இடது தோள் சற்று இறங்கியிருக்கும். கம்பெனியில் தந்த மேல்கோட்டு அந்தப் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். வேலைக்கு நடுவே அவள் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். ஒரு நாள் அக்கா அந்தப் பிரிவின் கதவருகே வந்து இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் புது மேல்கோட்டுகள் வந்தபோது சுனிதாவின் டோக்கன் நம்பர் ஒட்டிய கோட்டில் இடது தோள் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் இறக்கி வெட்டியிருந்தது. அது ஏன் சரியாமல் நிற்கிறது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. "இது கோட்டு நல்லா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டதால் அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ ஒண்ணும் சொல்லிறாத. சொன்னா அந்தப் பிள்ளைக்கு இனிமே தோள்தான் நெனப்புல இருக்கும்" என்றார்.

அக்கா போட்டிருந்த மேல்கோட்டு அவருக்கு இரண்டு சைஸ் பெரியது. கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "இதுக்கென்ன, மடிச்சுக்கிட்டா போச்சு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு சிறிய தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பது எங்களில் சிலருக்குத் தெரியும். ஆனால் முன்பு அவர் வாசிக்கிறவர் இல்லை, பாடுகிறவர். இதை எனக்குச் சொன்னது அதே தேவாலயத்துக்குப் போகும் தையல் சூப்பர்வைசர். அக்கா குரல் எடுத்தால் வாசலில் செருப்பு விடுகிறவர்கள் அப்படியே நிற்பார்களாம். பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் தப்பியது, குரல் இறங்கிவிட்டது. இறங்கியதோடு நடுநடுவே உடையவும் செய்தது. பாடகர் குழுவை நடத்துகிறவர் நல்லபடியாகத்தான் சொன்னாராம், நீங்க கீபோர்டைப் பாத்துக்கோங்க என்று. அன்றிலிருந்து அக்கா வாயைத் திறக்கவில்லை.

பழகிய பிறகு ஒருநாள், ஏன் பாடுவதில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பாட்டெல்லாம் மேல இருக்கு பிள்ள. நான் கீழ இருக்கேன்."

"சுருதிய எறக்கி வச்சுப் பாடலாமில்லீங்கக்கா?"

"ஒருத்திக்காக நாப்பது பேரு இறங்குவாவளா?"

கேட்டுவிட்டு அக்கா திரையில் அடுத்த புள்ளியை நகர்த்தப் போய்விட்டார்.

எம்ரே எங்கள் கம்பெனிக்கு வந்தது அதற்கடுத்த வருடம். துருக்கிக்காரர். பையர் சார்பில் சரக்கின் தரத்தைச் சோதிக்க அனுப்பப்பட்டவர். எங்கள் ஆட்கள் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் 'அம்ரு சார்' ஆகிவிட்டது. டியூப் லைட்டுகள் எரியும் நீள மேஜையில் சட்டைகளை விரித்துப் போட்டுத் தையலைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே மெல்ல முனகுவார். எங்களுக்கு அது ஏதோ ஒரு முனகல். ஓதுகிறாரோ என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள்.

அன்று ஒரு கழுத்துப் பட்டைச் சிக்கலைப் பார்க்க அக்கா அங்கே வந்திருந்தார். வந்தவர் சட்டையைப் பார்க்காமல் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையிலிருந்த அளவுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கீபோர்டு நோட்டில் இருப்பது போல ஐந்து கோடு போட்டு, அந்த மெட்டைப் புள்ளி புள்ளியாக எழுதினார். என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்த சார்ட்ட கேளு, அவரு பாடுதது என்ன பாட்டுன்னு. மூணாவது சுரம் எனக்குப் பிடிபடமாட்டேங்கு. கீபோர்டு வெள்ளைக் கட்டைக்குக் கொஞ்சூண்டு கீழ நிக்குது. தப்பாப் பாடுதாரோன்னா, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலல்லா நிக்குதாரு."

அக்காவின் இங்கிலீஷ் பாட்டர்னைத் தாண்டிப் போகாது. நான்தான் கேட்டேன். எம்ரே தாளை வாங்கிப் பார்த்தார். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். தான் இந்தியாவுக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றார். அது அவர்கள் ஊர்ச் சாஸ்திரிய இசை. நம் ராகம் மாதிரி அவர்களுக்கு மகாம். ஒரு முழு சுரத்தை அவர்கள் ஒன்பது துண்டாகப் பார்க்கிறார்கள். அந்த மூன்றாவது சுரம் கீபோர்டு சுரத்துக்கு ஒரே ஒரு துண்டு கீழே நிற்க வேண்டியது, அது தப்பில்லை, அதுதான் அதன் இடம். பேனாவை வாங்கி அக்காவின் புள்ளிக்கு முன்னால் ஒரு குறி போட்டார். சுரத்தை இறக்க நாம் எழுதும் ஃப்ளாட் குறியைக் கண்ணாடியில் பார்த்தது போல, திரும்பி நின்றது.

"ஒம்பதுல ஒரு பங்கு" என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு எம்ரே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். இஸ்தான்புல்லில் அவர்கள் பகுதிப் பாட்டுக் குழுவில் இருபது வருடமாகப் பாடியவர். இரண்டு வருடமாகக் குரல் மேலே ஏறுவதில்லை. குழுவில் எல்லோருக்கும் ஒரே சுருதி. ஒருநாள் ஒத்திகையில் குரல் நடுவே நின்றுபோய், அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சமையலறையில்கூட முனகுவதில்லை. கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், வயலின் வாசிப்பார், துணைக்கு வாசிக்கத் தயார். ஆனால் பழகிய வித்வான்கள் போல மனதுக்குள்ளேயே சுருதியை இறக்கி வாசிக்க அவருக்கு வராது. தாளில் எழுதியிருப்பதைத்தான் வாசிப்பார். இறக்கி எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்வளவு இறக்கணும்னு கேளு."

பாட்டுக்கு நோட்டேஷன் எழுதும் இலவச சாப்ட்வேர் ஒன்றை அக்கா தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வைத்திருந்தார், தேவாலயப் பாட்டுகளுக்காக. அதில் துருக்கிக் குறிகளும் இருந்தன. எம்ரே கொடுத்த பாட்டை இரண்டு நாளில் அதில் ஏற்றினார். நான்கு சுரம் இறக்கச் சொல்லிப் பட்டனை அழுத்தினார். தாள் தயார். நான் மெயிலில் அனுப்பினேன். அங்கிருந்து வந்த பதிலைப் படித்துச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. நம் பாட்டை வெளியூர்க்காரர் பாடினது மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாராம், ரொம்ப மரியாதையாகத்தான்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நானே பட்டனை நம்பிட்டேன் பாரு" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. சாப்ட்வேர் புள்ளிகளை ஒழுங்காக இறக்கியிருந்தது. அந்தத் திரும்பிய குறி மட்டும் அதற்குப் புரியவில்லை. புள்ளியோடு அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கீழே வைத்திருந்தது. ஆனால் அந்தச் சுரம் கீழே வந்தால் அங்கே அதற்குத் திரும்பிய ஃப்ளாட் கிடையாது, சுரத்தை ஏற்றும் சாதாரண ஷார்ப் குறி. சத்தம் அதே உறவில்தான் நிற்கும், ஆனால் வேறு குறியில். வேறு சில சுரங்களுக்கு இதற்கு நேர்மாறு. எனக்கு இது அன்று பாதிதான் புரிந்தது. அக்கா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "எடம் மாறினா குறியும் மாறணும் பிள்ள. இந்தச் சனியனுக்கு அது தெரியல."

அவரே ஒரு அட்டவணை போட்டார். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு எத்தனை துண்டு, எந்தக் குறி ஒரு துண்டு, எது நாலு, எது அஞ்சு, எது எட்டு. அளவு அட்டவணைகளுக்கு நடுவே அதையும் சுவரில் ஒட்டிவைத்தார். எங்கள் முதலாளி ஒருநாள் பாட்டர்ன் அறைக்கு வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, புது பையருங்களா? ஒண்ணு, நாலு, அஞ்சு, எட்டுன்னு சைஸ் போட்டிருக்குது?"

"இல்ல மொதலாளி, அது பாட்டு."

"பாட்டுங்களா?" இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, நடக்கட்டுங்க" என்று போய்விட்டார்.

ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு குறியாகக் கையால் மாற்றினார். அனுப்பினோம். ஐந்தாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பாட்டர்ன் அறையில் சாப்பாட்டு நேரத்தில் என் போனை மேஜையில் வைத்துப் போட்டேன். முதலில் வயலின். பிறகு அந்த அம்மாவின் குரல். தேய்ந்த, கனத்த குரல். எனக்கு மொழியும் தெரியாது, இசையும் தெரியாது. ஆனாலும் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அக்கா தாளில் விரலை வைத்து வரிவரியாகத் தொடர்ந்து வந்தார். முடிந்ததும் விரலை இரண்டாவது வரிக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

"ரெண்டாவது வரியில மூச்சு முட்டுது அவ்வோளுக்கு. இன்னும் ஒரு சுரம் இறக்கிக் கொடுப்போம்."

பதிவின் கடைசியில் அந்த அம்மா ஏதோ பேசியிருந்தார். எம்ரேயிடம் கேட்டேன். 'என் மகளே, நன்றி' என்கிறாராம். அக்காவிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, "பதில்ல அம்மான்னு எழுது. துருக்கியில அம்மாவுக்கு என்னன்னு கேட்டு எழுது" என்றார்.

அப்படி ஆரம்பித்தது ஒன்றரை வருடம் ஓடியது. பதினான்கு பாட்டுகள். எம்ரேயின் வேலை முடிந்து அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த பையரும் ஆர்டர்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எங்கள் கம்பெனியில் பாதி மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டார்கள். பாட்டுகள் மட்டும் என் மெயில் வழியாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் கேட்டு வாங்கச் சொல்வார் அக்கா. பதிவைக் கேட்டுக் கேட்டு, தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே துருக்கி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். சாப்ட்வேரில் மேலே வலது பக்கம் எழுதியவர் பெயர் போடும் இடம் ஒன்று உண்டு. அதைக் காலியாகவே விடுவார். நானும் இதில் அவர் பெயரை எழுதப்போவதில்லை.

பிறகு அக்காவுக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசு என்று முதலில் நினைத்தோம். ஊரிலிருந்து தம்பி வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். கழுத்தில் எடுத்த பழைய நோய் நுரையீரலில் வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா மறுநாள் வேலைக்கு வந்து, மேஜையில் பையை வைத்துவிட்டு இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "போன வாரம் அனுப்பின பாட்டுக்குப் பதிவு வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்திருந்தது பதிவு அல்ல. அன்று காலை நான் பஸ்ஸில் வரும்போது எம்ரேயிடமிருந்து மெயில் வந்திருந்தது. அம்மா மூன்று நாளுக்கு முன் தூக்கத்தில் இறந்துவிட்டார்.

"இல்லீங்கக்கா, இன்னும் வரல" என்றேன்.

அன்று ஒரு நாள் மட்டும் மறைப்போம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா அடுத்த பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எம்ரேக்கு விஷயத்தை எழுதினேன். அவரும், சொல்ல வேண்டாம், அவர் எழுதுகிறவரை எழுதட்டும் என்று பதில் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டோம். பதிவு வந்ததா என்று அக்கா கேட்கும்போதெல்லாம் ஒன்று சொன்னேன். அவங்களுக்குச் சளி பிடிச்சிருக்குதாம். வயலின் அம்மா ஊருக்குப் போயிருக்காங்களாம். இப்படி இரண்டு மாதம்.

மூன்றாவது மாதம் நான் செய்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பதிவு வராமல் நின்றுபோன அந்தப் பாட்டை உங்கள் அம்மா முன்பு எப்போதாவது பாடிய பதிவு இருக்கிறதா என்று எம்ரேயிடம் கேட்டேன். குழுவில் இருந்த காலத்தில் வீட்டில் பாடிப் பார்த்த ஒரு பதிவு அவரிடம் இருந்தது. அனுப்பினார். அதை இப்போது வந்ததாகச் சொல்லி அக்காவிடம் போட்டுக் காட்டினேன்.

அக்கா தாளை மடியில் விரித்து, விரலை முதல் புள்ளியில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். முதல் வரி முடிவதற்குள் விரல் நின்றுவிட்டது. மிச்சப் பாட்டைத் தாளைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்லாப் பாடியிருக்காவ" என்றார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அதன் பிறகும் அக்கா இரண்டு பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். நானும் அனுப்பினேன். பதிவு வந்ததா என்று மட்டும் அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

அக்கா வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி வந்து உடனிருந்தார். எனக்குக் காபி கொடுத்துவிட்டு அவர் துணி காயப்போட மாடிக்குப் போனதும் அக்கா கேட்டார்.

"அவ்வோ எப்பப் போனாவ?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாலு மாசம் ஆச்சுங்கக்கா."

"அந்தப் பாட்டு நான் எழுதின எடத்துல இல்ல பிள்ள. அஞ்சு சுரம் மேல இருந்துச்சு. அவ்வளவு மேல அவ்வோளால ஏற முடியாது. அது அந்தக் காலத்துக் குரலு."

"அன்னைக்கே தெரிஞ்சு போச்சுங்களா? ஏனுங்கக்கா என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் ஒன்னயத் தேத்தணும். எனக்கு அன்னைக்குத் தெம்பு இல்ல."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா குரலு அப்பம் எப்படி இருந்திருக்கு பாத்தியா? அதக் கேக்க வச்சியே, அது மட்டும் போதும்" என்றார்.

"அப்புறம் எதுக்குங்கக்கா இன்னும் ரெண்டு பாட்டு எழுதினீங்க?"

இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அது அவ்வோளுக்கு இல்ல" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கீழ்வீட்டு அம்மாவ வயலின்ல வாசிச்சு அனுப்பச் சொல்லுதியா? கடைசிப் பாட்டு மட்டும் போதும்" என்றார்.

எதுவும் மறைக்காமல் எம்ரேக்கு எழுதினேன். நான்காம் நாள் வயலின் வந்தது. இவ்வளவு கீழே இறக்கி யாரும் தன்னை வாசிக்கச் சொன்னதில்லை, தந்தியையே தளர்த்திச் சுருதி குறைத்து வாசித்தேன் என்று கீழ்வீட்டு அம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று கம்பெனிக்கு லீவு. காலை பத்து மணி இருக்கும். லைன் வீடுகளில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம், பக்கத்து வீட்டில் இந்திப் பாட்டு. அக்கா தம்பி மனைவியைக் கதவைச் சாத்தச் சொன்னார். தாளைக் கையில் வைத்துக்கொண்டார். நான் போனைக் கட்டிலில் அவர் காலருகே வைத்து வயலினைப் போட்டேன்.

பாடினார்.

நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூச்சு போதவில்லை. வார்த்தைகள் பாதியில் காற்றாகிப் போயின. இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தாமல் வயலினுக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டார். ஒருத்தி ஒரு தோட்டத்துக்கு வருகிறாள், அங்கே காத்திருக்க வேண்டியவர் இல்லை, ரோஜாக்கள் மட்டும் இருக்கின்றன. அவ்வளவுதான் பாட்டு. அந்த மூன்றாவது சுரம் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏறுகிற இடம் ஒன்று வந்தது. நான் பயந்துகொண்டு அவர் கழுத்தையே பார்த்தேன். தழும்புக்குப் பக்கத்தில் நரம்பு புடைக்கவில்லை. சிரமப்படாமல் அங்கே போய் நின்று, இறங்கினார்.

மூன்றாவது வரியில் நிறுத்தினார். வயலின் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"போதும்" என்றார். சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தம்பி மனைவி கதவில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "மதினி, நீங்க பாடி இருவது வருசமாச்சு" என்றார்.

அடுத்த மாதம் அக்காவை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பதினொரு நாள் இருந்தார். அடக்கத்துக்கு நாங்கள் ஆறு பேர் கம்பெனி வேனில் போய்வந்தோம்.

எம்ரேக்குத் தெரிவித்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. வருத்தம் சொல்லியிருந்தார். கீழே ஒரு வேண்டுகோள். அக்கா பாடினார் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பதிவை அனுப்ப முடியுமா, கீழ்வீட்டு அம்மா கேட்க ஆசைப்படுகிறார்.

பதிவு இல்லை. அன்று அந்த அறையில் இருந்த ஒரே நல்ல போன் என்னுடையது. அதில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவியிடம் பட்டன் போன். அக்காவின் கம்ப்யூட்டர் மேஜையில் திறந்துதான் இருந்தது, அதில் பதிந்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பாடி முடித்துச் சிரித்த பிறகும் தோன்றவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. அடுத்த வாரம் இன்னொரு தடவை பாடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவு இல்லை என்று எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். உடனே ஒரு வரி வந்தது, கீழ்வீட்டு அம்மா கேட்கச் சொன்னதாக. அப்படியானால் இதை மட்டுமாவது சொல்லுங்கள், அந்தச் சுருதி அவருக்குச் சரியாக இருந்ததா?

சரியாக இருந்தது என்று எழுதினேன். அவர்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்துகொண்டு நான் எழுதிய எத்தனையோ கடிதங்களில் பொய் இருந்தது. இதில் இல்லை.